அலைகளுக்கு நடுவே அண்ணாமலை அரசர்

சென்னை மாநகரில் மயிலாப்பூருக்குத் தெற்கே, அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் அமைந்துள்ளது ராஜா அண்ணாமலைபுரம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டங்களிலிருந்து பணியின் பொருட்டுத் தலைநகர் வந்து நிலைத்துவிட்ட நம் குடும்பங்கள் சிலவும் அப்பகுதியில் வாழ்ந்து வருகின்றன. கடிதம் எழுதும்போதெல்லாம் முகவரியில் அப்பெயரை எழுதுகின்றோம். பேருந்திலும் அப்பெயரைச் சொல்லியே பயணச்சீட்டு வாங்குகின்றோம். ஆனால் அப்பெயருக்கு உரிய பெருமகனாரின் வாழ்க்கையை அறிந்தோர் நம்முள் எத்தனை பேர் என்பது ஐயத்திற்கு உரியதே.

இவ்வரலாற்றை இவ்விதழில் எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அப்பகுதியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியரான நம் அன்பர் ஒருவர், 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோயச்சத்தால் பங்குச் சந்தை சரிந்தபோது, பத்தாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்த பரஸ்பர நிதி முதலீடு முழுவதையும் ஒரே நாளில் விற்றுவிட்டார். சனவரியில் ஏறத்தாழ 42,000 புள்ளிகளில் இருந்த மும்பைச் சந்தைக் குறியீட்டெண் மார்ச்சு 23-ஆம் நாள் 26,000 புள்ளிகளுக்கும் கீழே இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதுவே 60,000-ஐத் தொட்டது. பேத்தியின் படிப்புக்கென வைத்திருந்த பணம் அது. அண்மையில் ஒரு விழாவில் எம்மைச் சந்தித்த அவர், தாம் செய்தது பிழைதானா என்று வினவினார். எமக்கு உடனே விடை கூற இயலவில்லை. அவர் குடியிருக்கும் ஊரின் பெயரே எமக்கு ஒரு வழியைக் காட்டிற்று.

அண்ணாமலை செட்டியார் 1881-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்தார். தந்தையார் முத்தையா செட்டியார். நகரத்தார் குலத்துக்குரிய கொண்டுவிற்றல் தொழிலில் முன்னின்ற குடும்பம் அது. பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் அவர்களுடைய கடைகள் இயங்கின.

அக்கடைகள் இயங்கிய முறையைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஏனெனில் பிற்காலத்து அரசரின் மனப்பாங்கு அங்கேதான் உருவாயிற்று. இரங்கூனிலோ மோல்மேனிலோ உள்ள கடையை முதலாளி நேரில் இருந்து நடத்துவது அரிது. மூன்றாண்டுக் கணக்கிற்கு ஒரு மேலாளை அமர்த்தி அனுப்புவர். அவருக்குத் துணையாக அடுத்தாளும், எடுபிடி வேலையில் தொடங்கித் தொழில் பயிலும் பெட்டியடிப் பையனும் இருப்பர். மூன்றாண்டும் முடிந்து மேலாள் ஊர் திரும்பிய பின்னரே அவர் ஈட்டிய இலாபமும் விளைத்த இழப்பும் முழுமையாகத் தெரியவரும். இடையில் ஒரு திங்கள் வரவு குறைந்தது என்று எவரும் பதறிக் கடையை மூடுவதில்லை. ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தனர் என்று எண்ணற்க. குறிப்பும் பேரேடும் நாள்தோறும் எழுதப்பட்டன. ஐந்தொகை உரிய காலத்தில் ஊருக்கு வந்து சேர்ந்தது. இரங்கூன் மொகல் தெருக் கோவிலில் தமிழ்த் திங்கள்தோறும் 16-ஆம் நாள் நகரத்தார் கூடி, நடப்பு வட்டி இன்னதென முடிவு செய்தனர். வட்டி ஏறும், இறங்கும்; அதற்கேற்பக் கணக்கு மாறும்; கடை மட்டும் நின்ற இடத்தில் நிற்கும்.

இன்னும் ஒன்று. தம் சொந்தப் பணத்தை முதற்பணம் என்றும், ஈட்டி ஒதுக்கிய உபரியை மேம்பணம் என்றும் பிரித்தே எழுதினர். பிறரிடம் வாங்கிய வைப்புத் தொகை தனி. இலாபத்தில் ஒரு பங்கு மகமை என்னும் பெயரில் அறத்துக்குப் போயிற்று. எது தமது, எது பிறரது, எது அறத்துக்கு உரியது என்னும் தெளிவு பேரேட்டிலேயே இருந்தது. இன்று கடன் வாங்கிப் பங்கு வாங்கும் இளைஞர்கள் இதனைக் கருத வேண்டும்.

அண்ணாமலை செட்டியாருக்கு 25 வயது நிரம்பியிருந்த வேளையில் சென்னையையே உலுக்கிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் ஆர்பத்நாட்டு நிறுவனம் பணம் தர இயலாமல் கதவை அடைத்தது. நூறாண்டுப் பழமையும் ஆங்கிலேயப் பெயரும் உடைய அந்நிறுவனத்தில், ஓய்வூதியம் பெறுவோர், கைம்பெண்கள், வழக்கறிஞர்கள், நிலக்கிழார்கள் எனப் பல்லாயிரவர் தம் சேமிப்பை வைத்திருந்தனர். இலண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபாதியென் என்பார் ஊகவணிகத்தில் அப்பணத்தை இழந்து, இரயில் முன் பாய்ந்து உயிர் துறந்தார். சென்னையில் இருந்த சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டு 18 திங்கள் கடுங்காவல் தண்டனை பெற்றார். பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு அதனால் என்ன ஆறுதல்?

அந்நிலையில் மக்கள் எல்லாரும் வங்கி என்னும் சொல்லையே வெறுத்திருக்க வேண்டும். வெறுத்தோர் பலர். ஆனால் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம்மவர் நடத்தும் வங்கி ஒன்று வேண்டுமென முனைந்தார். அவர் நாடியது நகரத்தார் சமூகத்தை. அண்ணாமலை செட்டியாரின் தமையனார் இராமசாமி செட்டியார் கைகொடுத்தார். அக்குடும்பத்தின் செல்வமும் செல்வாக்கும் துணை நின்றன. 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்தியன் வங்கி தன் பணியைத் தொடங்கிற்று. சரிவு நிகழ்ந்து ஓராண்டுகூட நிறைவுறவில்லை. தமையனாரைத் தொடர்ந்து அண்ணாமலை செட்டியாரும் அவ்வங்கியின் ஆட்சிக் குழுவில் அமர்ந்தார்.

அதன் பின்னரும் அமைதி நிலவியதாகக் கூற இயலாது. 1913-இல் லாகூரிலும் மும்பையிலும் தொடங்கிய வங்கி வீழ்ச்சி நாடெங்கும் பரவி, நான்கைந்து ஆண்டுகளில் எண்பதுக்கும் மேற்பட்ட வங்கிகளை விழுங்கிற்று. 1938-இல் திருவாங்கூர் நேஷனல் குயிலான் வங்கி பணம் தருவதை நிறுத்தியபோது தென்னாடு முழுவதும் மீண்டும் அச்சம் படர்ந்தது. இந்த இரு சூறாவளிகளையும் இந்தியன் வங்கி கடந்து நின்றது. 1920-இல் தோன்றிய சென்னைப் பங்குச் சந்தையோ மூன்றே ஆண்டுகளில் மூடப்பட்டு, 1937-இல் மறுபடி உயிர் பெற்றது. 2015-இல் முற்றிலும் ஓய்ந்தது. சந்தை நடத்தும் மன்றமே மூடப்படலாம். ஒழுங்காக நடைபெறும் தொழில் அதனால் மூடப்படுவதில்லை.

இந்தியன் வங்கியின் பிற்கால வரலாற்றை இங்கேயே சொல்லிவிடுகின்றோம். 1969-ஆம் ஆண்டு சூலை 19-ஆம் நாள் அது நாட்டுடைமை ஆயிற்று. 2007-இல் அவ்வங்கி பொதுமக்களுக்கு 91 ரூபாய் விலையில் பங்குகளை வெளியிட்டது. 2020-இன் சரிவில் அப்பங்கு வெளியீட்டு விலைக்கும் மிகக் கீழே கிடந்தது. பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தும் முதலே குறைந்துவிட்டதே என்று நொந்தவர்கள் இருந்திருப்பர். 2024-இல் அது 500 ரூபாயைத் தாண்டிற்று. இதனை வாங்குக என்றோ விற்க என்றோ நாம் கூறவில்லை. காத்திருப்பவனுக்கும் பதின்மூன்று ஆண்டு இருள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகின்றோம்.

இனி அரசரின் பெரும்பணிக்கு வருவோம். 1920-இல் தில்லை நகரில் மீனாட்சி கல்லூரியை அவர் நிறுவினார். அதனைத் தொடர்ந்து தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் தனித்தனிக் கல்லூரிகள் அங்கு எழுந்தன. மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக 1924 முதல் 1927 வரை பணியாற்றியவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாத ஐயர் ஆவார். குடந்தையில் வாழ்ந்த சமணச் சான்றோர்களிடம் பொருள் கேட்டுத் தெளிந்து, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அதே ஐயர் அவர்கள்தாம். நம் காப்பியத்தை உலகுக்கு மீட்டுத் தந்த பெரியாருக்கு அண்ணாமலை செட்டியார் கல்லூரித் தலைமையை அளித்தார் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

அக்கல்லூரிகளையும் அவற்றோடு 20 இலட்சம் ரூபாயையும் வழங்கியதன் பயனாக 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. 1923-இல் சர் பட்டம் பெற்றிருந்த அவருக்கு, பரம்பரை உரிமையுடைய ராஜா பட்டமும் 1929-ஆம் ஆண்டிலேயே வந்தது. ஈழத்து விபுலாநந்த அடிகள் அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். பின்னர் நாவலர் சோமசுந்தர பாரதியாரும், துணைவேந்தராக வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும் அதனை அணி செய்தனர்.

அன்பர்கள் ஆண்டைக் கவனிக்க வேண்டுகின்றோம். 1929-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் நியூயார்க்குப் பங்குச் சந்தை இடிந்து விழுந்தது. அதன் அலை மறு ஆண்டே பர்மாவின் வயல்களை அடைந்தது. இன்னும் ஈராண்டு பொறுத்துக் கொடுக்கலாம், வணிகம் மேலும் பெருகட்டும் என அரசர் எண்ணியிருப்பாராயின், அவ்வளவு பெருந்தொகையைப் பிரித்தெடுக்கும் வாய்ப்பு மீண்டும் கிட்டியிருக்குமா என்பது நமக்கு ஐயமே. வரவிருந்த சரிவை அவர் முன்னுணர்ந்தார் என்று கூறுவதற்கு ஆதாரம் ஏதுமில்லை. கொடுக்க வேண்டிய காலத்தில் கொடுத்தார், அவ்வளவே.

பர்மாவில் நிகழ்ந்தது என்ன? 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன எனவும், அவற்றின் முதலீடு சற்றொப்ப 75 கோடி ரூபாய் எனவும் அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அப்பணத்தின் பெரும்பகுதி ஐராவதி வடிநிலத்து நெல் வயல்களின் மேல் கொடுத்த கடன். நெல் விலை பாதிக்கும் கீழே வீழ்ந்தது. உழவர் வட்டி கட்ட இயலவில்லை, அசலும் நின்றது. ஈடாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு மாறின. முதன்மையான 13 நெல் விளையும் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலம் 1937-இல் 25 பங்காக உயர்ந்தது. இதனைச் செல்வப் பெருக்கம் என்று கருதுதல் தவறு. பணமாக இருந்தது மண்ணாக மாறி, வாங்குவார் இன்றிக் கிடந்தது. மறுபுறம், நிலத்தை இழந்த பர்மிய உழவரின் துயரமும் பெரிது. அத்துயரம் வெறுப்பாக முற்றிற்று. உயிர்க்கு உறுகண் செய்யாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம், இப்பகுதியை எழுதும்போது நிறைவோடு எழுத முடியவில்லை. சட்டப்படி சரியான கணக்கும் மற்றோர் குடும்பத்தின் அடுப்பை அணைக்க வல்லது.

இக்காலத்தில் செட்டிநாடு வங்கி என்னும் பெயரில் கூட்டுப் பங்கு நிறுவனம் ஒன்றையும் அரசர் நடத்தி வந்தார். தனிக் கடையாகவும் குடும்பக் கடையாகவும் இருந்த தொழில் இவ்வாறு புதுமுறைக்கு மாறிக் கொண்டிருந்தது. எனினும் பர்மாவை விட்டு நகரத்தார் வெளியேறவில்லை. அந்நிலையில் விற்பதானாலும் வாங்குவோர் யார்? 1942-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள் இரங்கூன் சப்பானியர் வசமாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் பல்லாயிரக்கணக்கான தமிழர் மலைக் காடுகளின் வழியே கால்நடையாக அசாம் வந்து சேர்ந்தனர். வழியில் மாண்டோர் பலர். பேரேடுகளைத் தலையில் சுமந்து வந்தோர் உண்டு என்பர். போர் ஓய்ந்தபின் திரும்பிச் சென்று பார்த்தவர்களுக்குப் பழைய நிலை கிட்டவில்லை. 1948 சனவரி 4-இல் விடுதலை பெற்ற பர்மா, அவ்வாண்டின் பிற்பகுதியில் நில நாட்டுடைமைச் சட்டத்தை இயற்றிற்று. மூன்று தலைமுறை முதலீட்டின் பெரும்பகுதி அத்தோடு முடிந்தது.

நீண்ட காலம் பொறுத்திருந்தால் எல்லாம் மீளும் என்று இக்காலத்து ஆலோசகர்கள் எளிதாகச் சொல்கின்றனர். பர்மா முதலீடு மீளவில்லை. சப்பான் நாட்டுப் பங்குக் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மீண்டும் கடப்பதற்கு 2024 பிப்ரவரி வரை ஆயிற்று. முப்பத்து நான்கு ஆண்டுகள்! ஐம்பது வயதில் வாங்கியவர் நிலையை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டிலோ 1992 ஏப்ரலில் 4,400 புள்ளிகளைத் தாண்டிய குறியீட்டெண் ஓராண்டுக்குள் பாதிக்கும் கீழே சரிந்தது. 2008 சனவரியில் 21,000-ஐத் தொட்டு அக்டோபரில் 8,000-க்கும் கீழே போயிற்று. இரண்டு முறையும் மீண்டது. மீண்டும் மீளும் என்பது பழக்கமேயன்றி உறுதிமொழி அன்று. ஒரே நாட்டில், ஒரே பயிரை நம்பி, ஒரே வகை ஈட்டின் மேல் எல்லாவற்றையும் வைத்தவர்களுக்குக் காத்திருத்தல் பயன் தரவில்லை. அண்ணாமலை அரசரின் குடும்பம் நிலைத்தமைக்குக் காரணம், பர்மாவில் இருந்தது போலவே சென்னையிலும் வேறு தொழில்களிலும் அவர்தம் பொருள் பரந்து கிடந்தது என்பதே எம் கருத்து. கட்டாயத்தின் பேரில் அடிவிலையில் விற்க வேண்டிய நிலை அவர்களுக்கு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வரவில்லை.

நம் ஆசிரிய அன்பரின் செய்தியை இங்கே மறுபடி எண்ணிப் பார்த்தோம். அவர் 2020-இல் அஞ்சியது குற்றமன்று. இரண்டே ஆண்டுகளில் கல்லூரிக் கட்டணத்திற்குத் தேவைப்படும் தொகையை முழுவதும் சந்தையில் வைத்திருந்ததே இடர். அப்பணத்தில் பாதியேனும் அஞ்சலகத்திலோ வங்கி வைப்பிலோ இருந்திருந்தால், மீதியை விற்கும் பதற்றம் அவருக்கு வந்திராது. மேம்பணம் வேறு, நாளைக்கு வேண்டும் பணம் வேறு என்று பழைய பேரேடுகள் பிரித்துக் காட்டிய கோடு அதுவே. இதனை அவரிடம் கூறியபோது சிறிது நேரம் பேசாதிருந்தார். பேத்தி இப்போது அரசு உதவியுடன் படிப்பை முடித்துவிட்டாள் என்ற செய்தியை அதன் பிறகே சொன்னார்.

அரசரின் இறுதிக் காலப் பணி தமிழிசை. தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாடல்கள் துக்கடாவாக ஒதுக்கப்பட்ட நிலை அவரை வருத்தியது. 1940-இல் தமிழ்ப் பாடல்களை வளர்க்கவென 10,000 ரூபாயைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. பத்திரிகைகளில் கடும் எதிர்ப்பு எழுந்தது. புகழ்பெற்ற பாடகர் பலர் ஒதுங்கி நின்றனர். பர்மா கைநழுவிக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர் இதற்காகவும் பொருளும் உழைப்பும் செலவிட்டார் என்பது நினைக்கத்தக்கது.

1948-ஆம் ஆண்டு சூன் 15-ஆம் நாள் அண்ணாமலை அரசர் மறைந்தார். பர்மியச் சட்டம் இயற்றப்படுவதற்குச் சில திங்கள் முன்னதாகவே அவர் வாழ்வு முடிந்தது. சென்னையின் மேயராக 1933-இல் விளங்கிய மூத்த மகனார் முத்தையா செட்டியார் தந்தையின் பணிகளைத் தொடர்ந்தார்.

அவர் விதைத்தவையும் ஏற்ற இறக்கங்களுக்கு விலக்கன்று. பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கி, 2013-இல் தமிழக அரசின் பொறுப்புக்கு மாறியது. அதனால் மனம் வருந்தியோர் பலர். எனினும் வகுப்புகள் நிற்கவில்லை. நம் சமூகத்தில் ஆசிரியர்களாகவும் அரசு அலுவலர்களாகவும் உயர்ந்தோர் சிலர், வேலை பார்த்துக்கொண்டே அதன் தொலைநிலைக் கல்வி வழியே பட்டம் பெற்றவர்கள்தாம். மேற்கண்ட ஆசிரிய அன்பரும் அவர்களுள் ஒருவர்.

பாரிமுனை அருகே 1952-இல் திறக்கப்பட்ட ராஜா அண்ணாமலை மன்றத்தில் ஆண்டுதோறும் டிசம்பரில் தமிழிசை விழா நடைபெறுகிறது. இவ்வாண்டு பேத்தியுடன் அங்கே போய்வர எண்ணியிருப்பதாக அவர் கூறினார்.